கால் அறிந்த தண்ணி

கிராமத்து மக்களிடம் இயற்கை பற்றிய அறிவு கொட்டிக்கிடக்கிறது, அதைப் பதிவு செய்யணும் என்று சூழலியல் அன்பர்கள் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பி வருகிறார்கள். வரட்டும். எந்தத் தெருவுக்குள் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஊர்த்தெருத் திண்ணையில் மோர் குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனால் அது பாதி ஊரின் கதைதான்.

ஏரியை எடுத்துக்கொள்வோம். மடையைத் திறந்து அடைத்து வயலுக்கு வயல் தண்ணி பங்கிட்டவன் நீர்கட்டி. ஓசூர் எல்லைக்கு அந்தப்பக்கம் நீருகண்டி என்பார்கள். பல ஊர்களில் இந்த வேலை தலித்துகளின் தலையில் கட்டப்பட்டது. ராத்திரி மழையில் கரை எங்கே கசியும், இருக்கிற தண்ணி எத்தனை நாளுக்கு வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. கூலி, களத்தில் கொஞ்சம் தானியம். ஏரிக்கே காவல் இருந்தவனை ஊர்க்கிணற்றில் சேந்த விடவில்லை. 1927இல் மகாத் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்ததே ஒரு போராட்டமாக வேண்டியிருந்த நாடு இது. 'பாரம்பரிய அறிவு' என்று மாலை போடுகிறவர்கள், சாதி சுமத்திய வேலையில் பிறந்த அறிவு அது என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

தென்பெண்ணைக்கு வருவோம். நந்தி மலையில் பிறக்கிற ஆறு. பெங்களூருவின் சாக்கடையும் ஆலைக்கழிவும் பெலந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அதில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றன. 2015இலும் 2018இலும் பெலந்தூர் ஏரி தீப்பிடித்தபோது நாடே பேசியது. அணை மதகில் நுரை மலையாக எழும்பினால் படம் போடுகிறார்கள். அதே தண்ணி வாய்க்காலில் இறங்கி வயலுக்கு வந்தபிறகு அதில் நாள் முழுக்க நிற்பது யார்? நாத்து நடவும் களை பறிக்கவும் குனிகிற சேரிப் பொம்பளை. நாத்தம் மாறினா, கால் அரிச்சா, மாடு மோந்து பாத்துட்டுக் குடிக்காம திரும்பினா, தண்ணி கெட்டுப்போச்சுன்னு அவளுக்குத் தெரியும். பாட்டிலில் பிடித்து, ஆய்வுக்கூடம் போய், அறிக்கை வரும்வரை அரசாங்கத்துக்கு அது நடக்காத சங்கதி. அணையின் கொள்ளளவு உயரம் 44.28 அடி என்று புள்ளிக்குப் பின்னாலும் ரெண்டு எண் எழுதத் தெரிந்தவர்களின் படிவத்தில், அவள் கால் அரிப்பை எழுத ஒரு கட்டம் கிடையாது.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை இல்லாமல் கோர்ட்டில் ஒன்றும் நிற்காது என்பது தெரியும். ஆனால் மாதிரி எடுக்கிற இடத்தையும் நேரத்தையும் அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ராத்திரி வீசுகிற நாத்தத்துக்குப் பகல் பதினோரு மணிக்குப் பாட்டில் பிடித்து என்ன பண்ண? வந்த முடிவைத் தமிழில், கலெக்டர் ஆபீஸ் மேசையில் அல்ல, சேரியில் வந்து படித்துக்காட்டுங்கள். அவள் எதிர்க்கேள்வி கேட்பாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.