கப்பல்லயே குடியிருந்தா ஜாலியா?

வீட்டு வாடகை கிடையாது, சமையல் கிடையாது, ஜன்னலைத் திறந்தா டிராஃபிக் கிடையாது. வருஷம் முழுக்க சொகுசுக் கப்பல்லயே வாழ்ந்தா எப்படி இருக்கும்?

வாழ்ந்து காட்டினவர் மரியோ சால்செடோ. அமெரிக்காவின் மயாமியில் ஒரு பெரிய கம்பெனியில் நிதி அதிகாரியா இருந்தவர். ஆபீஸ் வேலையா நாடு நாடாப் பறந்து அலுத்துப்போய், 1990-களின் கடைசியில் வேலையை விட்டார். அப்புறம் ஒரு கப்பல்ல இறங்கி அடுத்த கப்பல்ல ஏறுறதே வாழ்க்கை. அவரைப் பற்றி 2018-ல் வந்த குறும்படத்தோட பேரே, 'உலகத்திலேயே சந்தோஷமான மனுஷன்'!

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கம்பெனி அனுப்பினப்போ அலுத்த அதே டிராவல், தானா கிளம்பினப்போ இனிக்குது. டெக்குல லேப்டாப்போட உட்கார்ந்து தினமும் சில மணி நேரம் முதலீடு சம்பந்தமான வேலையும் பார்க்கிறார். ஆனா, கரைக்கு வந்தா கால் தள்ளாடுதுன்னு அவரே சொல்லியிருக்கார். எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு பாஸ்!

சரி, அவருக்குச் சமைக்கிறது, ரூம் கூட்டுறது யாரு? கேட்டரிங் முடிச்சுட்டுக் கப்பல் ஏறுற நம்ம பசங்க மாதிரி ஆளுங்கதான். அதே கப்பல், அதே கடல். ஆனா இவங்களுக்கு ஆறு முதல் ஒன்பது மாச கான்ட்ராக்ட். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க சர்வதேச விதியே இடம் கொடுக்குது. ஒருத்தர் அலையை ரசிக்கிறார், இன்னொருத்தர் வீட்டுக்குப் போக நாளை எண்றார். (கப்பல் ஆசை உள்ளவங்களுக்கு: ஆள் எடுக்கிற ஏஜென்ஸிக்கு மத்திய அரசின் கப்பல் துறை லைசென்ஸ் இருக்கணும். வேலைக்காக உங்ககிட்ட கமிஷன் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டா, எஸ்கேப்!)

நம்ம ஓசூர் கதையும் இதேதான். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி தினமும் பெங்களூர் பக்கம் வேலைக்குப் போறவங்களைக் கேளுங்க. போக வர மூணு மணி நேரம்னு வைங்க. வாரம் ஆறு நாள், வருஷம் 50 வாரம். மொத்தம் 900 மணி நேரம், அதாவது 37 முழு நாள் பஸ்லயே! அதை விரும்பி எடுத்துக்கிட்டவர் ஜன்னலோரம் பாட்டு கேட்கிறார். வேற வழியில்லாம போறவர் வாட்ச்சைப் பார்க்கிறார்.

கேம்பஸ் இன்டர்வியூவுல சம்பளம் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. ஷிஃப்ட் என்ன, போக வர எவ்வளவு நேரம், கம்பெனி பஸ் உண்டான்னும் கேளுங்க. அந்த 37 நாளும் உங்களோடதுதான்!