மலை மூடியிருக்கும் மாதங்கள்

(மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவர் ஒருவர்)

“செய்தி காட்டுத்தீ போலப் பரவியது” என்று எழுதுகிறோம். தேர்வு முடிவு வந்தாலும் காட்டுத்தீ. விடுமுறை அறிவித்தாலும் காட்டுத்தீ. விடுதியில் இன்று கோழிக் குழம்பு என்றாலும் காட்டுத்தீ. எத்தனை எளிதாக இந்த உவமையைக் கையாளுகிறோம்! காட்டுத்தீயைக் கண்ணால் கண்டவன் அதை இவ்வளவு எளிதாக எடுத்தாள மாட்டான்.

நான் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன். மாசி பிறந்துவிட்டால் இரவில் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்ப்போம். இருட்டில் மலையின் இடுப்பில் யாரோ செவ்வரளி மாலை சூட்டியதுபோல ஒரு நெருப்புக் கோடு தெரியும். சிறு வயதில் அது எனக்கு அழகாகத் தெரிந்தது. “அங்கே திருவிழாவா அம்மா?” என்று கேட்டிருக்கிறேன். அம்மா பதில் சொன்னதில்லை. அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், அந்தக் கோட்டருகேதான் அப்போது நின்றிருப்பார். கோடைதோறும் தீக்காவலுக்குக் கூலியாளாகச் செல்பவர் அவர்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் மலையேற்றம் போக ஆசைப்பட்டோம். மூன்றாண்டுப் படிப்பு முடிகிறது. பிரிவதற்கு முன் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து மலை ஏறி வரவேண்டும் என்பது ஆசை. பணமும் சேர்த்துவிட்டோம். பங்குனியில் பாதை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுதியில் ஒரே கொதிப்பு. “மலை என்ன அவர்கள் வீட்டுச் சொத்தா?” என்றான் ஒருவன். “அனுமதி எதற்கு? வழி தெரிந்தவன் நம்மிடமே இருக்கிறானே!” என்று என்னைக் காட்டினான் இன்னொருவன். உண்மையைச் சொன்னால், எனக்கும் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாரம் ஊருக்குப் போனபோது மாமனிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். அவர் கோபப்படவில்லை. “மலை எங்கயும் ஓடிப்போயிராது மாப்ள. மழைக்குப் பொறகு போங்க. நான் இனியொரு தடவ அந்த மாதிரி போர்வையில தூக்க மாட்டேன்” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. எனக்கும் பேச வாயில்லை.

அந்தப் போர்வையின் கதையை நண்பர்கள் பலர் மறந்திருக்கலாம்.

குரங்கணியில் நடந்தது

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் பலர். பிற்பகல் வேளை. கீழேயிருந்து தீ மேலே ஏறி வந்தது. ஆளுயரம் காய்ந்து நின்ற புல்லுக்கு நடுவே அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். புகையில் திசை தெரியாமல் சிதறி ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். அந்த இடத்திலும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் சென்றது அனுமதி பெற்ற பாதை அல்ல என்று அரசு பின்னர் தெரிவித்தது.

அன்று முதலில் மேலே ஏறியவர்கள் யார்? சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. காவலரும் தீயணைப்பு வீரரும் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே, கைப்பேசியில் அபயக்குரல் கேட்ட மாத்திரத்தில், குரங்கணி ஊர்மக்களும் வனப் பணியாளரும் தோட்டத் தொழிலாளரும் இருட்டில் ஏறினார்கள். வண்டி போகும் வழி இல்லை. கம்பில் போர்வையைக் கட்டி, டோலி தூக்கி, காயம்பட்டவர்களைச் செங்குத்துச் சரிவில் இறக்கினார்கள். என் மாமனும் அவர்களில் ஒருவர். தண்ணீர் கேட்ட ஒரு பெண்ணின் குரல் இன்னும் தம் காதில் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இறந்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் நம்மைப் போன்றவர்கள். நம் வயதை ஒட்டியவர்கள். மலையை நேசித்தே வந்தார்கள். ஆனால் நேசம் மட்டும் போதாது, காலம் அறியவும் வேண்டும் என்பதே அந்த மலை நமக்குச் சொன்ன பாடம்.

தீயின் கால்கள்

சமவெளியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தீ மலையில் இறங்குவதைவிட ஏறுவதில் வேகம் மிக்கது. சரிவில் எரியும்போது சுடரின் நாக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு. அதோடு பகலில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்றும் மேல்நோக்கி வீசும். அப்படியானால் நண்பகலுக்குப் பின், காய்ந்த புல் சரிவில், கீழே புகை தெரியும்போது, மேலே இருப்பவனுடைய நிலை என்ன? ஓட்டப்பந்தய வீரனும் அங்கே தோற்பான்.

தப்புவதற்கு வழியே இல்லையா என்றால், உண்டு. மேல்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகுவது. பாறைத் திட்டையோ ஓடையையோ ஏற்கெனவே எரிந்து ஆறிய கரிநிலத்தையோ தேடி நிற்பது. புகையில் தாழக் குனிந்துகொள்வது. உருகி உடம்பில் ஒட்டும் நைலான் உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துவது. இவை மாமன் எனக்குச் சொன்னவை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “இதெல்லாம் ரெண்டாவது. மொதல்ல அந்த மாசத்துல போகாம இரு” என்றார்.

இலைக்கொத்தோடு நிற்பவர்கள்

நம் நாட்டில் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதராலேயே மூள்கிறது. புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைப்பது உண்டு. தோட்டத்துச் சருகைக் கொளுத்தியது கைமீறுவது உண்டு. அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு உண்டு. சுற்றிப்பார்க்க வந்தவர் சமைத்த அடுப்பும் உண்டு. ஆகவே மலைவாழ் மக்கள்மீது மட்டும் பழி போடுவது அறமன்று.

மூண்ட தீயை அணைப்பது யார்? நகரத்தில் சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வரும். மலைச்சரிவில் வண்டி ஏது, குழாய் ஏது? 2024 மார்ச்சில் குன்னூர் அருகே எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் தொங்கு வாளியில் நீரை அள்ளி வந்து ஊற்றியது. ஆனால் ஒவ்வொரு தீக்கும் ஹெலிகாப்டர் வராது. அதற்கு அருகில் நீர்நிலை வேண்டும். பறக்க ஏற்ற காற்றும் வேண்டும். மற்ற நாள்களில் பச்சை இலைக்கொத்தை ஒடித்துக்கொண்டு, தீயின் ஓரத்தை அடித்து அடித்து அணைக்கும் மனிதர்களே நமது தீயணைப்புப் படை. தை மாதத்திலேயே புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். ‘பயர் லைன்’ என்பது எங்கள் ஊர் வழக்கு. தேவையானால் எதிர்த்தீ வைத்து, வரும் தீக்குத் தின்ன ஒன்றுமில்லாமல் செய்கிறார்கள். காற்று திரும்பினால் அதே எதிர்த்தீ அவர்களுக்கே எமன். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தீயை அணைக்கப் போன வனக் காவலர் மூவர் தீயிலேயே மாண்டார்கள். அந்தச் செய்தி நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

“இப்போது செயற்கைக்கோள் இருக்கிறதே!” என்று அறிவியல் பயிலும் நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எழும் இடங்களைக் கண்டறிந்து மாநிலங்களுக்கு அறிவிக்கிறது. இன்று அந்தச் செய்தி கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வானத்துக் கண் பார்த்துச் சொல்லும். வானத்துக்குக் கால் இல்லை. அந்த இடத்துக்கு நடந்து போக ஒருவன் வேண்டும். அவன் காலில் நல்ல பூட்ஸ் இருக்கிறதா? அவன் கூலி மாதாமாதம் கைக்கு வருகிறதா? ஒரு கோடையில் என் மாமன் பங்குனியில் பார்த்த வேலைக்கு ஆவணியில் கூலி வாங்கினார். ரப்பர் செருப்போடுதான் தீயருகே நின்றார்.

பாதை யாருடையது?

மலைப்பாதை உல்லாசத்துக்காகப் பிறந்தது அன்று என்பதை வரலாறு படிப்பவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகம் சென்றது. மூணாறுப் பக்கத்து ரயில்பாதையை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்துவிட்டது. ஆனாலும் மனிதர் நடந்த ஒற்றையடிப் பாதைகள் அழியவில்லை. இன்றும் சாலை எட்டாத குடியிருப்புகளுக்கு அரிசி போவதும், அங்கிருந்து நோயாளி இறங்குவதும், பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் அத்தகைய பாதைகளில்தான். தீ மூண்டால் நமக்கு ஒரு சுற்றுலா போகிறது. அவர்களுக்கு ஊரே துண்டாகிப் போகிறது.

எரிந்த பிறகும் இழப்பு தொடர்கிறது. புல்லும் சருகும் போன சரிவில் மழை நேராக விழுகிறது. மண் கரைகிறது, ஊற்று வற்றுகிறது. கொட்டகுடி ஆறு அந்த மலைகளில் பிறந்து போடி வழியாக வந்து வைகையில் சேர்கிறது. ஆகவே மலையில் எரிவது மலைக்காரன் புல் மட்டுமன்று, சமவெளிக்காரன் குடிநீரும்தான்.

என் கருத்து

குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வழிகாட்டியோடு செல்லத்தக்க 40 பாதைகளைத் தமிழக அரசு முறையாகத் திறந்தது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்பதால் அவற்றை மூடியும் வைத்தது. நம் கணக்கில் மாசியும் பங்குனியும். இந்த மூடலை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். இரண்டு மாதம் பொறுப்பது நம் உரிமையைப் பறிப்பது ஆகாது. கடலோரத்து மீனவன்கூட ஆண்டுக்கு இரண்டு மாதம் மீன்பிடி தடைக்காலம் என்று கடலுக்குப் போகாமல் இருக்கிறானே! பிழைப்புக்குப் போகிறவன் பொறுக்கிறான். பொழுதுபோக்குக்குப் போகிற நாம் பொறுக்கக் கூடாதா?

ஆனால் பூட்டோடு கடமை முடிந்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. பாதை மூடினால் வழிகாட்டிக்கு வேலை இல்லை. ஜீப் ஓட்டுநருக்குச் சவாரி இல்லை. டீக்கடையில் கூட்டம் இல்லை. பூட்டின் விலையை அவர்கள் மட்டுமே கொடுக்கிறார்கள். கடல் மூடும்போது மீனவர் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை உண்டு. மலை மூடும்போது மலையால் பிழைப்பவர்களுக்கு என்ன உண்டு? அந்த இரண்டு மாதமும் அவர்களையே தீக்காவலுக்கு அமர்த்த வேண்டும் என்பது என் கருத்து. நாள் தவறாத கூலி, பூட்ஸ், பருத்திச் சீருடை, காப்பீடு, தை மாதத்தில் பத்து நாள் பயிற்சி ஆகியவை வேண்டும். மலையை அறிந்தவன் கையில் மலையின் காவல் இருந்தால், அந்தக் காவலால் அவன் அடுப்பும் எரிந்தால், காடு எரியாது. “இதற்குப் பணம் எங்கே?” என்று கேட்கலாம். எரிந்த காட்டை மறுபடி வளர்க்கும் பணத்தைவிட இது குறைவாகத்தான் இருக்கும். எரிந்த உயிரையோ எந்தப் பணத்தாலும் வளர்க்க முடியாது.

நமக்கும் வேலை உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமை ஓர் ஆண்டாவது தை மாதத்தில் மலையடிவாரத்தில் நடத்தி, தீத்தடுப்புக் கோடு செதுக்குவோரோடு தோள்கொடுக்கலாம் என்பதைப் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன். நான்கு நாள் புல் செதுக்கினால் போதும், “மலை என்ன அவர்கள் வீட்டுச் சொத்தா?” என்ற கேள்வி நம் வாயில் வராது.

எங்கள் வகுப்புப் பயணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். போகவில்லை. சேர்த்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது எல்லோரும் ஆளுக்கொரு திசையில் பிரியப்போகிறோம். ஆனாலும் ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்து, மலை பச்சைப் போர்வை போர்த்தியபின், கார்த்திகை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் ஊரில் கூடுவது. அனுமதிச் சீட்டோடு ஏறுவது. முன்னால் வழிகாட்டியாக என் மாமன் நடப்பார். அவருக்குப் புது பூட்ஸ் வாங்க மறுபடியும் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.