'சர்வர் பிஸி'யாம்... யாருக்குக் காது குத்துறீங்க?

மே மாதம் வந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட், பத்தாம் வகுப்பு ரிசல்ட், பின்னாலேயே கவுன்சிலிங், செமஸ்டர் ரிசல்ட் என்று வரிசை கட்டி வரும். கூடவே ஒரு வசனமும் வரும். "எல்லாரும் ஒரே நேரத்துல பாக்குறாங்கல்ல, அதான் சர்வர் பிஸி." டிவியில் சொல்வார்கள். ப்ரௌசிங் சென்டர் அண்ணன் சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டு இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் அமுக்குவோம்.

இந்த வசனத்தை நான் நம்புவதில்லை. வருடா வருடம் ஐப்பசியில் மழை வரும் என்று தெரிந்தும் வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டுவிட்டு, ஊருக்குள் தண்ணீர் வந்ததும் மழை மேல் பழி போடுவது மாதிரிதான் இதுவும். தேதி தெரியும், மணி தெரியும், எத்தனை பேர் வருவார்கள் என்று தலை எண்ணிச் சொல்ல முடியும். அப்புறமும் பக்கம் பாதியில் நின்றால் அதற்குப் பெயர் கூட்டமா, அலட்சியமா?

முதலில் பக்கம் ஏன் பாதியில் நிற்கிறது என்று பார்ப்போம். நமக்குப் பக்கத்து ஊர் விருத்தாசலத்தில் பீங்கான் அகல் விளக்கு செய்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று ஒருவர் வந்து "ஒரு டஜன் குடுங்க" என்று கேட்ட பிறகா களிமண்ணைக் குழைத்து, காயவைத்து, சூளையில் வைக்கிறார்கள்? முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். வந்தவர் கையில் எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது.

பல ரிசல்ட் பக்கங்கள் இதற்கு நேர் எதிராகக் கட்டப்படுகின்றன. நீங்கள் பதிவு எண்ணைத் தட்டியதும் சர்வரில் ஒரு நிரல் ஓடத் தொடங்கும். அது டேட்டாபேஸிடம் போய் உங்கள் எண்ணைத் தேடச் சொல்லி, மதிப்பெண்ணை வாங்கி, அந்த நிமிடத்தில் ஒரு பக்கத்தைப் புதிதாகக் கோர்த்து அனுப்பும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சூளை மூட்டுவது போல.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை எந்த அமைப்பையும் மாற்றாமல் அப்படியே ஓட்டினால், ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் ஏற்கும். ஒரு தேடலுக்கு அரை வினாடி என்று வையுங்கள். வினாடிக்குச் சுமார் 300 பேரைத்தான் கவனிக்க முடியும். 2024-ல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் சுமார் 7.6 லட்சம் பேர். அத்தனை பேரும் முதல் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தாலும் வினாடிக்குச் சுமார் 1,270 பேர். மிச்சம் பேர் வெளியே வரிசையில் நிற்க வேண்டியதுதான். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் வழக்கமாக 60 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு 504 என்று கையை விரித்துவிடும். அதற்குள் லோகோவும் தலைப்பும் மட்டும் வந்து சேர்ந்திருந்தால், மதிப்பெண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகவே நிற்கும்.

அந்த அரை வினாடியும் விதி கிடையாது. பதிவு எண்ணுக்கு இண்டெக்ஸ் போடாவிட்டால் டேட்டாபேஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புரட்டும். போட்டுவிட்டால் அதே தேடல் சில மில்லி வினாடியில் முடியும். ஒரே ஒரு வரிக் கட்டளை சார் அது! எங்கள் வகுப்பில் டேட்டாபேஸ் பாடத்தில் அரியர் வைத்தவனுக்கும் தெரியும் :-)

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெளியான மதிப்பெண் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுமா? மறுகூட்டல் வரைக்கும் மாறாது. மாறாத ஒன்றை எதற்கு லட்சம் தடவை புதிதாகச் சமைக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பு, 2 கேபி என்று வைத்தாலும் 7.6 லட்சம் பேருக்கு மொத்தம் ஒன்றரை ஜிபி. பென்டிரைவில் அடங்கிவிடும். முந்தின நாள் ராத்திரியே எல்லாவற்றையும் தயார் செய்து நாலைந்து சர்வரில் பிரித்து வைத்தால், காலையில் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான்.

"பதிவு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்களே" என்பார்கள். கோப்பின் பெயரைப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் சேர்த்து உருவாக்குங்கள். இன்றைய படிவமும் அந்த இரண்டைத்தானே கேட்கிறது? ஒரே இடத்திலிருந்து ஆயிரம் தடவை முயற்சி செய்கிறவனைத் தடுக்கும் வேலை இரண்டு முறையிலும் உண்டு.

"ரயில் டிக்கெட் அப்படியில்லையே" என்பார்கள். நியாயம். இருக்கை வினாடிக்கு வினாடி குறையும். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு திறந்தபோது சில நிமிடங்களிலேயே தளம் திணறியதும் நினைவிருக்கும். இந்த மாதிரி இடங்களில் கூட்டத்தைப் பிரிக்க வேண்டும். தட்கலில் 2015 ஜூன் முதல் ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி என்று ஆக்கியது அதற்குத்தான். நம் பொறியியல் கவுன்சிலிங் 2018-ல் ஆன்லைனுக்கு வந்தபோது, தரவரிசைப்படி சுற்று சுற்றாகப் பிரித்து, கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க சில நாள் அவகாசமும் கொடுத்தார்கள். ஆக, யோசித்தால் வழி இருக்கிறது. யோசிக்கத்தான் ஆள் வேண்டும்.

பணக்கார நாட்டிலும் இதே கூத்து நடந்தது. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று திறந்த ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் முதல் நாள் முழுக்கக் காப்பீடு எடுக்க முடிந்தது ஆறே ஆறு பேரால். திட்டங்களைச் சும்மா பார்ப்பதற்கே கணக்குத் தொடங்கச் சொல்லி எல்லாரையும் ஒரே வாசலில் நெருக்கினார்கள். பிறகு வந்த மீட்புக் குழு, எந்த இடத்தில் எத்தனை வினாடி போகிறது என்று அளந்தது. அடிக்கடி கேட்கப்படும் தகவலை ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸில் தேடாமல், எடுத்துத் தயாராக வைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் தளம் நிமிர்ந்துவிட்டது. அங்கேயும் முதலில் சொன்ன சாக்கு கூட்டம்தான்!

இதெல்லாம் கம்ப்யூட்டர் ஆட்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். முன்பு கவுன்சிலிங் என்றால் திட்டக்குடியிலிருந்து அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் பிடித்து சென்னை போனார்கள். அங்கே ஆபீஸ் கதவு பூட்டியிருந்தால் சண்டையாவது போடலாம். இன்றைக்கு அந்தக் கதவே ஒரு வலைப்பக்கம்தான். அது பாதியில் நின்றால் யாரிடம் போய்க் கத்துவது? என் வகுப்புத் தோழி ஒருத்தி மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். பெயர் வேண்டாம், ஒரு கல்வி நிறுவனம். கடைசி நாள் சாயங்காலம் பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றது. பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. மறுபடி முயன்றாள், மறுபடி பணம் போனது. போன் செய்தால், "உங்க ஊர்ல நெட் ஸ்லோவா இருக்கும்மா" என்று பதில். கிராமத்துப் பிள்ளை என்றால் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் என்ற நினைப்பு!

அடுத்த தடவை அப்படிச் சொன்னால் ஆதாரத்தோடு மடக்குங்கள். கம்ப்யூட்டரில் எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். (பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரண்டாவது தடவை பணம் போகலாம்.) முதல் வரியைச் சொடுக்கி டைமிங் பாருங்கள். சர்வர் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் தனி, தகவல் இறங்கிய நேரம் தனி என்று காட்டும். மற்ற தளங்கள் வேகமாக வரும்போது இங்கே மட்டும் காத்திருப்பு 30 வினாடி, இறங்கியது அரை வினாடி என்று வந்தால், உங்கள் ஊர் நெட் மேல் குற்றமில்லை. காத்திருப்பு குறைவு, இறங்கத்தான் நேரமாகிறது என்றால் லைனைச் சந்தேகப்படலாம். 503, 504 வந்தால் பேச்சே வேண்டாம், அது அவர்கள் பக்கத்துக் கோளாறு. அந்தத் திரையைப் படம் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி, புகார் மெயிலில் சேர்த்து அனுப்புங்கள்.

"நீங்க ரெஃப்ரெஷ் அமுக்குறதுனாலதான் இன்னும் மோசமாகுது" என்று நம்மையே திட்டுவார்கள். பாதி உண்மை. நாம் மறுபடி அமுக்கினாலும் பழைய தேடல் பல நேரம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், சுமை இரட்டிப்பாகும். ஆனால் "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர், காத்திருங்கள்" என்று ஒரு வரி காட்டினால் எவன் அமுக்கப் போகிறான்? வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நாம் என்ன சாமியாரா?

ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். பள்ளித் தேர்வு முடிவை எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்புகிறார்கள். பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னால் நாமே வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுவோம் என்ற நினைப்பு அது. அதே நினைப்பு எல்லாத் தளத்துக்கும் வரட்டும். கடைசி நாளில் பக்கம் நின்றுபோனால், நின்ற நேரத்துக்கு ஈடாக அவகாசம் தானாகவே நீளட்டும். போன பணம் ஒரு தடவைக்கு மேல் போகாதபடி கட்டட்டும். ரிசல்ட் நாளுக்கு முந்தின வாரமே பொய்க் கூட்டம் அனுப்பிச் சோதித்துப் பார்க்கட்டும்.

இதில் எதற்கும் கோடிகள் தேவையில்லை. வகுப்பில் நமக்குச் சொல்லித் தருகிற பாடங்கள்தான் இவை. நாளைக்கு நம்மில் பாதிப் பேர் இந்த வேலைக்குத்தான் போகப் போகிறோம். அன்றைக்கு நாமும் அதே வசனத்தைச் சொன்னால், திட்டக்குடியில் ஒரு பிள்ளை எஃப்12 அமுக்கிப் பார்த்து நம்மைத் திட்டும். திட்டட்டும்.