நிருபர் ஆக எம்.ஏ. வேண்டுமா? உப்பளத்துப் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

புதுவை:
"நிருபர் வேலைக்கு எம்.ஏ. எதுக்குடா? ஒரு பேனா, ஒரு ஸ்கூட்டர் போதாதா?"

பி.ஏ. முடித்த பிள்ளை "இதழியல் படிக்கப் போறேன்" என்று வாயைத் திறந்தால் உப்பளத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். அடுத்தது, "எவ்வளவு செலவாகும்?" அதற்கும் அடுத்தது, "முடிச்சா வேலை நிச்சயமா?"

மூன்றும் நியாயமான கேள்விகள்.

சட்டம் கேட்கவில்லை

வக்கீலாக வேண்டுமானால் சட்டப் பட்டம் வேண்டும், பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். டாக்டருக்கும் அப்படியே. நிருபருக்கு மட்டும் இன்ன படிப்பு கட்டாயம் என்று இந்தியாவில் சட்டம் கிடையாது.

2013-ல் பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, நிருபர்களுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்றார். அதற்காக ஒரு கமிட்டியும் போட்டார். கண்டனம் கிளம்பியது. சட்டம் ஏதும் வரவில்லை.

புதுவையிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. 1908-ல் பிரிட்டிஷ் போலீசிடம் சிக்காமல் இங்கே வந்த பாரதியார், 'இந்தியா' வாரப் பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். 1934-ல் வ.சுப்பையா 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். இருவரிடமும் இதழியல் பட்டம் இல்லை. எப்படி இருக்கும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை வந்ததே 1947-ல்தான்!

அப்போ படிப்பு வீணா?

வீண் இல்லை. ஒரு உதாரணம் போதும்.

சிறுமி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளாகிறாள். ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகிறது. நிருபர் அவசரத்தில் அவள் படிக்கும் பள்ளியையும் தெருவையும் எழுதிவிடுகிறார். பெயரைப் போடவில்லை, ஆனாலும் அக்கம்பக்கத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

2012-ம் ஆண்டு போக்சோ சட்டம், 23-வது பிரிவு பாயும். 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகை முதலாளியும் சேர்ந்து மாட்டுவார். அந்தக் குழந்தைக்கு நேர்ந்த கெடுதலுக்கோ கணக்கே இல்லை.

கோர்ட் அவமதிப்பு எது, அவதூறு எது, தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படி மனு போடுவது? வாய்க்கால் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கத் தெரிய வேண்டாமா? முன்பெல்லாம் சீனியர் நிருபர் திட்டித் திட்டியே இதைச் சொல்லிக்கொடுத்தார். இன்று பல ஆபீசுகளில் அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அந்த இடத்தைத்தான் வகுப்பறை நிரப்ப வேண்டும்.

எங்கே படிப்பது?

உப்பளத்துக்காரர்களுக்குப் பக்கம் காலாப்பட்டு. 1985-ல் வந்த புதுவைப் பல்கலைக்கழகத்தில் மாஸ் கம்யூனிகேஷன் எம்.ஏ. இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் தனியாரை விடக் கட்டணம் குறைவு. வீட்டுச் சாப்பாடு, பஸ் செலவோடு போகும்.

ஆனால் இடம் கிடைப்பது லேசு இல்லை. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். புதுவை மாணவர்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு சில பாடங்களுக்குத்தான் உண்டு. எல்லாப் பாடத்துக்கும் வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட நாளாகக் கிடக்கிறது.

சென்னை தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் முதுநிலை டிப்ளமோ தருகிறது. பெயர் பெற்ற இடம். கட்டணம் லட்சக்கணக்கில். உதவித்தொகையும் உண்டு, விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். 2025-ல் தமிழ்நாடு அரசே சென்னை கோட்டூர்புரத்தில் இதழியல் கல்வி நிறுவனம் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஓராண்டு டிப்ளமோ.

இந்த இரண்டு மொழி விஷயம் சின்ன விஷயம் அல்ல. இங்கிலீஷில் பாடம் படித்துவிட்டுத் தமிழ்ப் பத்திரிகையில் உட்கார்ந்து பஞ்சாயத்துச் செய்தி எழுதத் திணறும் பட்டதாரிகள் உண்டு.

நஷ்டம் யாருக்கு?

சட்டம் பட்டம் கேட்காவிட்டாலும், ஆள் எடுக்கும் கம்பெனிகள் பல கேட்கின்றன. சட்டம் திறந்து வைத்த கதவை காசு சாத்துகிறது.

மழை கொட்டினால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்பது உப்பளத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தப் பிள்ளை பத்திரிகை ஆபீசுக்குள் நுழைய முடியாவிட்டால், உப்பளத்துச் செய்தியை ஊர் தெரியாதவர் போனில் கேட்டு எழுதுவார். அப்புறம் வாய்க்கால் நாறினாலும் நாலு வரிதான் வரும்.

ஆகவே பெற்றோர் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: தமிழில் எழுதப் பயிற்சி உண்டா?

இரண்டு: கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், நகராட்சி ஆபீஸ் என்று வெளியே அனுப்புவார்களா?

மூன்று: போன வருஷம் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள்?

நேரான பதில் வந்தால் கடன் வாங்கியாவது படிக்க வைக்கலாம். மழுப்பினால், அந்தப் பணத்தில் அப்பா சொன்ன ஸ்கூட்டரையே வாங்கிக் கொடுத்துவிடலாம்!