செயற்கைக்கோள் கைவிடும்போது தரை தாங்க வேண்டும்

2025 டிசம்பர் 1 அன்று மாநிலங்களவையில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு அளித்த எழுத்துபூர்வமான பதில், நாளிதழ்களில் ஓரிரு நாள் செய்தியாக வந்து மறைந்தது. டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்தின் 10ஆம் எண் ஓடுபாதையை ஜி.பி.எஸ். துணையுடன் நெருங்கிய சில விமானங்கள் போலிச் சமிக்ஞைகளை எதிர்கொண்டன என்பதை அப்பதில் ஒப்புக்கொண்டது. கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஐதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களிலிருந்தும் இடையூறு பற்றிய தகவல்கள் வந்திருப்பதாக அது குறிப்பிட்டது. செய்தியின் பரபரப்பில் பலரும் கடந்துபோன வாக்கியம் வேறொன்று: தரையில் நிறுவப்பட்ட மரபான வழிகாட்டிக் கருவிகள் இயங்கிய ஓடுபாதை முனைகளில் விமானப் போக்குவரத்துக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை.

இந்திய வான்வழிப் பாதுகாப்புக் குறித்து இன்று நடக்க வேண்டிய விவாதம் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்க வேண்டும். பழையவை என்று ஒதுக்கப்படும் கருவிகளும் அவற்றைக் கையாளும் திறனும் செலவுக் கணக்கில் வெட்டப்பட வேண்டியவையா, பாதுகாப்புக் கணக்கில் பேணப்பட வேண்டியவையா என்பதே கேள்வி.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வளவு தொலைவு கடந்து வரும் சமிக்ஞை, விமானத்தை எட்டும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. அதே அலைவரிசையில் தரையிலிருந்து இரைச்சலை எழுப்பினால் அது மூழ்கிப்போகும், இது முடக்கம். உண்மையான சமிக்ஞையைப் போலவே புனையப்பட்ட ஒன்றை அனுப்பினால், கருவி அதை நம்பித் தவறான இடத்தைக் காட்டும்; இது போலியாக்கம். முன்னதற்குப் பெரும் படைபலம் கூடத் தேவையில்லை. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் சோதனையில் இருந்த தரையிறங்கு வழிகாட்டி அமைப்புக்கு இடையூறு நேர்ந்தபோது, அதற்குக் காரணம் ஒரு வாகன ஓட்டுநர் என்று கண்டறியப்பட்டது. தம் நிறுவனம் தம்மைக் கண்காணிப்பதைத் தடுக்க அவர் வண்டியில் சிறிய முடக்குக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். 2013இல் அவருக்கு விதிக்க முன்மொழியப்பட்ட அபராதம் 31,875 டாலர்.

முடக்கத்தைவிடப் போலியாக்கம் கொடியது. சமிக்ஞை அறுந்தால் விமானி உடனே அறிவார். பொய்யான சமிக்ஞை வந்தாலோ கருவிகள் அமைதியாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். விமானத்தின் இருப்பிடம் மட்டுமன்றிக் கடிகாரமும் குழம்பக்கூடும். மலையோ நிலமோ நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் அதே இருப்பிடத் தகவலை நம்பியிருப்பதால், நடுவானில் காரணமின்றி ‘மேலே எழுப்பு’ என்று அது கூவுகிறது. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுப் பழகிய செவி, மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் ஒரு நொடி தயங்கினால் என்ன ஆகும்?

விமானத்துக்குள்ளேயே இயங்கும் நிலைம வழிகாட்டி, வெளிச் சமிக்ஞை எதையும் வேண்டாதது. எனினும் நேரம் செல்லச் செல்ல அதில் பிழை சேரும். அப்பிழையைத் திருத்த ஜி.பி.எஸ். தகவலையே பல நவீன அமைப்புகள் பயன்படுத்துகின்றன. திருத்த வந்த தகவலே பொய்யானால், சில அமைப்புகளில் மாற்று ஏற்பாடும் சேர்ந்து கெடுகிறது. 2023 செப்டம்பரில் ஈராக் வான்வெளியில் இத்தகைய குழப்பத்துக்கு ஆளான விமானிகள், தாம் இருக்கும் இடத்தைத் தரைக் கட்டுப்பாட்டு மையத்திடம் கேட்டறிய நேர்ந்தது.

இவற்றைச் சொல்வதால் பழைய காலம் பொற்காலமாகிவிடாது. 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிப் பறந்த கொரிய விமானம் பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் சென்று, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். தானியங்கி விமானி நிலைம வழிகாட்டியுடன் இணையாமல் ஒரே திசைமுகத்தில் சென்றதும், விமானிகள் அதைக் கவனிக்காததுமே பாதை விலகக் காரணங்கள். அந்தத் துயரத்துக்குப் பின்னரே ஜி.பி.எஸ். அமைப்பைக் குடிமக்கள் விமானங்களுக்கும் திறந்துவிடுவதாக ரீகன் அரசு அறிவித்தது. 2000 மே மாதத்தில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த துல்லியக் குறைப்பும் நீக்கப்பட்டது. அதன் பின் பாதைகள் குறுகின, எரிபொருள் மிச்சமானது, விலையுயர்ந்த தரைக் கருவிகளை நிறுவ இயலாத சிறிய விமான நிலையங்களும் துல்லியமான தரையிறக்கத்தைப் பெற்றன. இந்தியாவின் ககன் அமைப்பின் துணையுடன் 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் விமானம் தரையிறங்கியது அந்த வரிசையில் சேரும் சாதனை.

ஆயினும் இந்த வெற்றியே ஓர் ஆபத்தான முடிவுக்கு இட்டுச் சென்றது. புதியது நன்றாக இயங்குவதால் பழையது தேவையில்லை என்ற எண்ணம் பல நாடுகளில் வேரூன்றியது. அதன் விலையை எஸ்தோனியாவின் தார்த்து நகரம் 2024இல் உணர்ந்தது. அங்கே தரையிறங்கும் முறைகள் ஜி.பி.எஸ். சமிக்ஞையையே சார்ந்திருந்தன. இடையூறு காரணமாக ஏப்ரல் இறுதியில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு விமானங்கள் ஹெல்சிங்கிக்கே திரும்பின. பின்னர் ஃபின்ஏர் நிறுவனம் ஏறத்தாழ ஒரு மாதம் அந்தச் சேவையை நிறுத்தியது. ஜி.பி.எஸ். சாராத தரையிறங்கு முறை ஒன்றை ஏற்படுத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவோ தன் வி.ஓ.ஆர். நிலையங்களைக் குறைத்தாலும் முற்றாகக் கைவிடவில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டல் இல்லாமற் போனாலும், 100 கடல் மைலுக்குள் தரையிறங்க ஒரு விமான நிலையம் கிடைக்கும் வகையில் குறைந்தபட்ச வலையமைப்பு ஒன்றை அது வரையறுத்திருக்கிறது.

நமக்கென நாவிக் இருக்கும்போது கவலை ஏன் என்று சிலர் கேட்கலாம். தன்னாட்சி என்ற நோக்கில் நாவிக் இன்றியமையாதது; பிற நாடு சேவையை நிறுத்தினால் அது காக்கும். ஆனால், அதன் சமிக்ஞையும் விண்ணிலிருந்து மெலிந்தே வருகிறது. தரையிலிருந்து எழுப்பப்படும் இரைச்சலுக்கு அதுவும் இரையாகலாம். போதாக்குறைக்கு அதன் முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. விண்ணில் உள்ள ஒன்றுக்கு விண்ணில் உள்ள இன்னொன்று மட்டுமே மாற்றாகாது.

கருவிகளைப் போலவே திறனும் பேணப்பட வேண்டியது. 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ் பேசுவோரிடையே ஓர் ஆய்வு நடத்தினார். அன்றாடப் பேச்சில் இடம், வலம் என்று சொல்வோரும், வடக்கு, கிழக்கு என்று திசைப் பெயர்களால் சொல்வோரும் பேச்சு தேவைப்படாத சோதனைகளிலும் பொருள்களின் இருப்பை வெவ்வேறு விதமாகவே நினைவில் கொண்டனர். திசைப் பெயரால் பேசுபவர், எங்கே நின்றாலும் திசையை மனத்தில் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. திசையுணர்வை வளர்ப்பது இடைவிடாத பழக்கம் என்று இதிலிருந்து கொள்ளலாம். விமானிக்கும் இது பொருந்தும். வேகத்தையும் நேரத்தையும் திசைமுகத்தையும் கொண்டு இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையை உரிமத் தேர்வுக்காகப் படித்திருப்பது போதாது. நெருக்கடி வேளையில் கைகொடுக்கும் அளவுக்கு அது பழகியிருக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் கழகம் 1990களின் இறுதியில் கைவிட்ட விண்மீன் வழியறியும் பாடத்தை 2015இல் மீண்டும் சேர்த்தது, இந்த உண்மையைக் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்ததால்தான்.

இந்தியாவில் 2023 நவம்பர் முதல் இத்தகைய இடையூறுகளைத் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அன்று முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், 465 நிகழ்வுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தரைவழிக் கருவிகளின் குறைந்தபட்ச வலையமைப்பைப் பேணி வருவதாகவும் அரசு கூறுகிறது. இது வரவேற்கத்தக்கது, ஆனால், உறுப்பினர் ஒருவர் கேட்டபின் வரும் ஒற்றை வாக்கியமாக அது நின்றுவிடக் கூடாது.

அந்த வலையமைப்பில் எந்தெந்த நிலையங்கள் உள்ளன, அவை எந்த நிலையில் உள்ளன என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். புதிய விமான நிலையம் எதற்கும் செயற்கைக்கோள் சாராத தரையிறங்கு முறை ஒன்றேனும் இருப்பதை அனுமதிக்கான நிபந்தனையாக்க வேண்டும். ஓர் ஓடுபாதையின் தரைக் கருவியைப் பராமரிப்புக்காகவோ மேம்பாட்டுக்காகவோ நிறுத்தும்போது, அந்த இடைக்காலத்துக்கான மாற்றை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். விமானிகளின் பாவிப்புப் பயிற்சியில் ஜி.பி.எஸ். அற்ற பறத்தலும், போலிச் சமிக்ஞையை இனங்காணுதலும் குறிப்பிட்ட மணிநேரம் இடம்பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும். பயன்படாமலே போகக்கூடிய கருவிக்கு ஆண்டுதோறும் செலவிடுவது எந்த நிதித்துறைக்கும் உவப்பாக இராது. டெல்லியின் பிற ஓடுபாதை முனைகளில் பாதிப்பின்றித் தரையிறங்கிய பயணிகளுக்குத் தம்மைக் காத்தது அத்தகைய செலவு என்பது தெரியாது. நிதி ஒதுக்குவோருக்கேனும் அது தெரிந்திருக்க வேண்டும்.