தோட்ட மருந்தகத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி

வயிற்றில் நீர் கோத்த மகோதரத்துடனோ இரத்த வாந்தியுடனோ டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ அனுமதிக்கப்படும் ஒருவரது மதுசார் ஈரல் நோய்க்கு அன்றைக்கே பல ஆண்டு வயதாகியிருக்கும். அந்த ஆண்டுகளில் அவர் காய்ச்சலுக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டுக்கும் மருந்து வாங்கத் தோட்ட மருந்தகத்துக்குப் பலமுறை வந்துபோயும், எவ்வளவு மது குடிக்கிறீர்கள் என்று ஒருமுறையேனும் கேட்கப்படாதிருக்கக்கூடும் என்பதே இவ்வுரையின் கவலை.

குடித்த மதுவின் பெரும்பங்கைச் சிதைப்பது ஈரலே. அச்சிதைவில் பிறக்கும் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருள் ஈரற்கலங்களைத் தாக்க, கொழுப்பை எரிக்கும் தொழிலும் தடைப்பட்டு அது கலங்களுக்குள் தேங்குகிறது. கொழுப்பு ஈரல் எனப்படும் இக்கட்டத்தில் பெரும்பாலும் வலியும் இராது, கண் மஞ்சளும் இராது. குடியை நிறுத்தினால் சில வாரங்களில் ஈரல் தேறிவிடும். நிறுத்தாதோரில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு அழற்சியும் தழும்பும் மேன்மேலும் சேர்ந்து, ஈரல் இறுகிக் கரணை கட்டும் சிரோசிஸ் உண்டாகிறது. கணையமும் இதயத் தசையும் மதுவின் தீங்கிலிருந்து தப்புவதில்லை. கால் நரம்புகள் கெட்டு உள்ளங்கால் மரத்துப்போவது, செங்குத்துச் சரிவில் ஏறியிறங்கிப் பிழைப்பவருக்குப் பிழைப்பையே பறிக்கும் ஊனமாகும்.

சட்டவிரோதமாகக் காய்ச்சப்படும் கசிப்புத்தான் ஈரலைக் கெடுக்கும், கடைச் சாராயம் கெடுக்காது என்ற எண்ணத்தை வைத்தியத் துறையினர் வெளிப்படையாக மறுக்க வேண்டும். கசிப்பில் கலந்துவிடக்கூடிய மெதனோல் பார்வையைப் பறிக்கும் தனி ஆபத்து என்பது மெய்யே. ஆயினும் ஈரலைப் படிப்படியாக அழிப்பது எதனோல், அது இரண்டிலும் உண்டு. 33% செறிவுள்ள சாராயம் 750 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 195 கிராம் எதனோல் இருப்பதால், தினமும் கால் போத்தல் குடிப்பவர் 49 கிராம் அளவில் உட்கொள்கிறார். நாளொன்றுக்கு 30 கிராமைத் தாண்டினாலே சிரோசிஸ் அபாயம் உயரத் தொடங்குகிறது. பெண்களுக்கு அதனினும் குறைந்த அளவே போதும்.

தோட்டத்து மக்களைக் குடிகாரர் என்று பொதுவில் இகழும் வழக்கம் நோயாளரை உண்மையை மறைக்கத் தூண்டுவதால், மதுவைப் பற்றிய கேள்வி பழிக்கும் தொனியின்றி, புகையிலை பற்றிக் கேட்பது போலவே எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி லயனுக்கு அனுப்புவதும் தவறு. இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் உயிராபத்தான பிதற்றல் நிலையும் ஏற்படக்கூடும். கோதுமை மா ரொட்டியையே நம்பியிருக்கும் உடலில் தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 குறைந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், குளுக்கோசு ஏற்றுமுன் அதைக் கொடுப்பது மூளையைக் காக்கும். தோட்ட மருத்துவ உதவியாளர்கள் ஒவ்வொரு நோயாளரின் பதிவேட்டிலும் இரத்த அழுத்தத்துக்கு அருகே மதுவின் அளவையும் இன்றிலிருந்தே எழுதத் தொடங்குமாறு இவ்விதழ் வேண்டுகிறது.