விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்துக்கு மக்கள் கலை, கைவினை மையம்: எங்கள் நிலைப்பாடு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஒரு மக்கள் கலை, கைவினை மையம் அமைய வேண்டும் என்று எங்கள் அமைப்பு கோருகிறது. அது பொருட்களை அடுக்கிவைக்கும் காட்சிக்கூடமாக இருக்கக் கூடாது. கலைஞர்கள் கற்பித்துப் பிழைக்கும் பட்டறையாக, அவர்களே நடத்தும் இடமாக இருக்க வேண்டும்.

2025 ஜூலையில் எங்கள் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவார்கள். அவர்களுக்காக மட்டும் ஒரு விற்பனைக்கூடம் கட்டி, விடிய விடிய ஆடும் கூத்தைக் கால் மணி நேரத் துணுக்காக்கிவிடும் ஆபத்தும் கூடவே வருகிறது. அதனால்தான் இப்போதே பேசுகிறோம்.

இங்குள்ள கலைகள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்பவை. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலைத் திரௌபதி அம்மனின் மூலக்கோயில் என்று மக்கள் போற்றுகிறார்கள். இப்பகுதியின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. துரியோதனன் வீழும் படுகளத்தன்று தரையில் அவன் உருவை மண்ணால் பிரம்மாண்டமாக வனைகிறார்கள், பிறகு தீமிதி. மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குபவர், மண் பிசைபவர், மிருதங்கமும் முகவீணையும் வாசிப்பவர், பம்பை அடிப்பவர், பாரதம் சொல்பவர் என எல்லாரும் இருந்தால்தான் திருவிழா நடக்கும். ஒருவர் தொழிலை விட்டால் மற்றவர் தொழிலும் தளரும். ஆகவே இவற்றை ஒரே வளாகத்தில் கற்பிக்க வேண்டும்.

கலைஞர்களே இப்படி ஓர் இடத்தை நடத்துவது நடக்காத காரியமல்ல. 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள் கைவினைப் பொருள் விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். காஞ்சிபுரம் அருகே 1990இல் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002இல் அவர்கள் அமைத்த குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

1. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் தொழில் செய்யும் கலைஞர்களும் கைவினைஞர்களுமாக இருக்க வேண்டும். அவர்களில் பெண்களுக்கும் உரிய இடம் வேண்டும்.

2. கற்பிப்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டமும் குறையும், சூளையும் எரியாது. முக்கியப் பயிற்சிகளை அந்த மாதங்களில் வைத்தால் கலைஞர் கூலி வேலை தேடி ஊர்விட்டுப் போக வேண்டியதில்லை.

3. சாதியோ பாலினமோ பார்த்து எவரையும் விலக்கக் கூடாது. பறையும் பம்பையும் கற்பிப்பவருக்குக் கூத்து வாத்தியாருக்குரிய அதே சம்பளம், அதே மரியாதை.

4. ஏரிகளில் களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும் நடைமுறை 2024இல் வந்தது. விண்ணப்பிப்பது முதல் மண் வந்து சேர்வது வரை குயவர்களுக்கு மையம் துணைநிற்க வேண்டும்.

5. மையம் திருவிழாவுக்கு மாற்றாகிவிடக் கூடாது. பயின்றவர்கள் ஊர்த் திடலில் இரவு முழுக்க ஆடுவதே பயிற்சியின் நிறைவு.

விழுப்புரம் அரசு இசைப்பள்ளி தன் பணியைத் தொடரட்டும். அதனோடு இணைந்து செயல்படவே விரும்புகிறோம். மாவட்ட நிர்வாகம் பயன்படாமல் கிடக்கும் ஓர் அரசுக் கட்டடத்தை ஒதுக்கித் தந்தாலே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் இந்த ஐந்து கோரிக்கைகளுக்கும் இடமில்லாத திட்டம் எவ்வளவு பெரிய கட்டடத்தோடு வந்தாலும் அதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.